காலண்டர் என்று எழுதினால் தீ நம்பிவிடுமா?

ஆடிப்பெருக்கு கழிந்துவிட்டால் சிவகாசியில் பூஜை போட்டுப் புதுச் சரக்கு விற்பனை தொடங்கிவிடும். நம் கடைகளுக்கும் விலைப்பட்டியல் வந்துவிடும். மளிகைக் கடைக்காரர்களில் பலர் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு உரிமம் வாங்கிப் பட்டாசும் போடுகிறோம். பருப்பிலும் எண்ணெயிலும் கிலோவுக்கு எட்டணா, ஒரு ரூபாய் என்று பார்க்கிற நமக்குப் பட்டாசில் கிடைக்கும் நாலு காசு பெரிய உதவி. அதில் தவறொன்றும் இல்லை.

சங்கக் கூட்டங்களில் கழிவு எவ்வளவு, கடன் எத்தனை நாள், உரிமத்துக்கு எத்தனை நடை என்றெல்லாம் பேசுகிறோம். அந்தச் சரக்கு சிவகாசியிலிருந்து நம் கடை வாசலுக்கு எப்படி வருகிறது என்பதைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். பேசினால் நம் தவறையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். எனவே எங்கள் தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

1994-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். எங்கள் கடைக்கு 18 பெட்டி பட்டாசு வர வேண்டும். அதில் 5 பெட்டி ராக்கெட். தனி வண்டி பிடிக்கும் அளவுக்குச் சரக்கு இல்லை. பட்டாசு என்று சொன்னால் லாரி ஷெட்டில் பதிவு செய்ய மாட்டார்கள். ஆனால் சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் ஊருக்கெல்லாம் போகிறது. அதற்கு வாடகையும் குறைவு, கேள்வியும் கிடையாது. ஆகவே 18 பெட்டியும் ‘காலண்டர் 18 பண்டல்’ என்று ரசீதில் ஏறியது. அப்படி எழுதச் சொன்னவர்கள் நாங்கள்தான். அதே லாரியில் மற்ற மூன்று கடைகளுக்கு வத்தல் மூட்டையும் தீப்பெட்டி பண்டலும் பருப்பும் வந்தன.

விடியற்காலை கடை திறக்கும் நேரம். கிளீனர் பையன் யாரிடமோ சைக்கிள் வாங்கி மிதித்துக்கொண்டு ஓடி வந்தான். “அண்ணாச்சி, பின் சக்கரம் பிடிச்சிருச்சு. ரயில்வே கேட் பக்கத்துல நிக்குது” என்றான். அண்ணனும் நாங்களும் கணக்குப்பிள்ளையும் ஓடினோம். டயர் புகைந்து எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் வேடிக்கை பார்த்து நின்றார்கள். இருபதடி தள்ளி ஓர் ஓலைக் கொட்டகை டீக்கடை.

தீயணைப்பு அதிகாரி டிரைவரிடம் முதலில் கேட்டது, “என்ன லோடு?” என்பதுதான். டிரைவர் ரசீதுக் கட்டை நீட்டினார். பின்பக்கம் இருப்பது காலண்டர் என்று படித்ததும், காகிதம் பிடித்துக்கொண்டால் சிரமம் என்று நினைத்த அதிகாரி, தார்ப்பாயை அவிழ்த்துப் பண்டல்களை இறக்கச் சொல்லி இரண்டு வீரர்களை மேலே ஏற்றினார். அவர் செய்தது முழுக்கச் சரி. காகிதம் என்றால் அதைத்தான் செய்ய வேண்டும்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். வாய் வரவில்லை. சொன்னால் வழக்கு, உரிமம் போகும், கடைப் பெயர் கெடும். இவ்வளவும் மனதுக்குள் ஓடியது. மேலே நின்ற இரண்டு பேரும் எங்கள் வயதுக்காரர்கள்தான். அவர்கள் வீட்டிலும் தீபாவளிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். அது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் பேசியவர் கணக்குப்பிள்ளைதான். “ஐயா, அது காலண்டர் இல்லை. பட்டாசு. ராக்கெட் பெட்டி பின்னால்தான் இருக்கு. ஆளை இறக்குங்க” என்று கத்தினார். அதிகாரி எங்களை ஒரு பார்வை பார்த்தார். வீரர்களை இறங்கச் சொன்னார். கூட்டத்தை அடித்து விரட்டாத குறையாகப் பின்னுக்குத் தள்ளினார். டீக்கடை அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சிறிது நேரத்தில் தீ பலகையைத் தாண்டி மேலே ஏறியது. அதன் பிறகு நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ராக்கெட்டுகள் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு நாலு திசையிலும் பாய்ந்தன. ஓலைக் கொட்டகை பற்றிக்கொண்டது. எட்டு மணிவரை எரிந்து ஓய்ந்தது.

ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அது எங்கள் புத்திசாலித்தனத்தால் அல்ல. டீக்கடை அம்மாவுக்குக் கொட்டகை போட்டுக் கொடுத்தோம். மூன்று கடைக்காரர்களின் நஷ்டத்தைத் தவணையில் அடைத்தோம். கணக்குப்பிள்ளை இப்போது இல்லை. அவர் இருந்தபோதே இதை எழுதியிருக்க வேண்டும்.

ராக்கெட் சரக்கு ஏன் வேறு?

நம் கிடங்கில் மூட்டை தீப்பற்றினால் மணலைப் போட்டு மூடுவோம். காற்று போகாவிட்டால் தீ அணையும். பட்டாசு மருந்துக்கு இது பொருந்தாது. கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் சேர்ந்தது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு வெடியுப்பிலேயே இருக்கிறது. மூடினாலும் உள்ளே எரியும். இறுக்கி மூடினால் வெடிக்கும்.

அதிலும் ராக்கெட் தனி ரகம். மற்ற வெடி இருந்த இடத்தில் வெடிக்கும். ராக்கெட்டின் வேலையே பறப்பது. குச்சி வானத்தைப் பார்த்து நின்றால்தான் அது மேலே போகும். பெட்டிக்குள் படுத்துக் கிடக்கும் ராக்கெட் பற்றினால் அது பார்த்திருக்கும் திசையில் போகும். லாரியில் பற்றிய தீ பக்கத்துக் கூரைக்கும் வைக்கோல் படப்புக்கும் போவது இதனால்தான்.

உலகெங்கும் வெடிபொருள்களை 1-ஆம் வகுப்பு அபாயச் சரக்கு என்று வைத்து, அதற்குள் 1.1, 1.2, 1.3, 1.4 என்று பிரிக்கிறார்கள். 1.1 என்றால் சரக்கு முழுவதும் ஒரே அடியாக வெடிக்கக்கூடியது. 1.4 என்றால் அபாயம் குறைந்தது. பட்டாசில் இரண்டு கோடியும் உண்டு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகள் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தீயணைப்போருக்காக வெளியிடும் அவசரகாலக் கையேட்டில் இதற்கு நேரான விதிகள் இருக்கின்றன. 2024-இலும் புதிய பதிப்பு வந்தது. அதன் சாரம் இதுதான்:

டயரோ இன்ஜினோ மட்டும் எரிந்தால், தீ சரக்கை எட்டுவதற்குள் தண்ணீரை வெள்ளமாக அடித்து அணைக்க வேண்டும். அணைந்த டயர் மறுபடி பற்றும் என்பதால் கண்ணை எடுக்கக் கூடாது. தீ சரக்கை எட்டிவிட்டால் அணைக்க முயலவே கூடாது. போக்குவரத்தை நிறுத்தி, ஆட்களை அகற்றி, எரிய விட்டுவிட வேண்டும். 1.4 வகைச் சரக்கானால் எல்லாப் பக்கமும் 500 மீட்டர். 1.1, 1.2, 1.3 வகையானால் 1,600 மீட்டர், அதாவது ஒரு மைல். சூடு பட்ட சரக்கையோ வண்டியையோ நகர்த்தக் கூடாது.

இதில் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அணைப்பதா, விட்டு ஓடுவதா, 500 மீட்டரா, ஒரு மைலா என்ற முடிவுகள் அத்தனையும், “உள்ளே என்ன இருக்கிறது?” என்ற ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் நிற்கின்றன. அந்தப் பதிலை எழுதுகிறவர் தீயணைப்பு அதிகாரி அல்ல, டிரைவரும் அல்ல. சரக்கை அனுப்புகிறவரும் வாங்குகிறவருமான நாம்தான்.

உதவ வந்தவர்களே பலியான கதைகள்

1989 மார்ச் 22 அன்று இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில், பட்டாசுத் தொழிலுக்கான பற்றவைப்பு முனைகளும் வேறு வெடிபொருள்களுமாகச் சுமார் 800 கிலோ ஏற்றிய வேன் ஒன்று ஒரு தொழிற்பேட்டைக்குள் வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின்பக்கம் சிறிய வெடிப்பும் தீயும் ஏற்பட்டன. சுமார் 12 நிமிடத்தில் வண்டி முழுவதும் வெடித்தது. அணைக்க வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். முதல் புகைக்கும் பெரிய வெடிப்புக்கும் நடுவில் இருந்த நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

2000 மே 13 அன்று நெதர்லாந்தில் என்ஸ்கெடே நகரப் பட்டாசுக் கிடங்கு வெடித்தபோது 23 பேர் இறந்தனர். அவர்களில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். உரிமத்தில் அனுமதித்ததைவிடக் கனமான ரகச் சரக்கு உள்ளே இருந்தது என்று பின்னர் விசாரணையில் வெளிவந்தது. காகிதத்தில் இருந்தது ஒன்று, கிடங்கில் இருந்தது வேறொன்று. காகிதத்தை நம்பி அருகில் போனவர்கள் திரும்பவில்லை.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்கலாம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஆலை விபத்தில் 40 பேர் வரை இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்கள். தமிழ்நாட்டில் எங்கு புகை எழுந்தாலும் நம் மக்கள் அதை நோக்கி ஓடுகிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் வெடிச் சரக்கிடம் நல்ல மனம் செல்லாது.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் நடப்பவை இன்னும் நம் வாசலுக்கு அருகில் இருக்கின்றன. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் வண்டியில் பட்டாசு ஏற்றும்போது பற்றிய தீயின் புகை பக்கத்து ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து, மருத்துவத்துக்கு வந்திருந்தவர்கள் உட்பட 8 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். 2023 அக்டோபர் 7 அன்று கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் லாரியிலிருந்து பட்டாசு இறக்கும்போது நேர்ந்த தீயில் 14 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பலர் தீபாவளிப் பருவ வேலைக்குப் போன நம் தமிழ்நாட்டுப் பையன்கள். கல்லூரிக் கட்டணத்துக்காக நம் கடைகளிலும் அத்தகைய பையன்கள் நிற்கிறார்கள் அல்லவா?

லாரியில் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2021 தீபாவளியன்று கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் நாட்டு வெடி கொண்டுபோன தகப்பனும் 7 வயது மகனும் நடுத்தெருவில் சிதறிப் போனார்கள். 2024 தீபாவளியன்று ஆந்திரத்தில் ஏலூரில் ஸ்கூட்டரில் கொண்டுபோன வெங்காய வெடி, வண்டி பள்ளத்தில் குலுங்கியதும் வெடித்து ஓர் உயிரைக் கொண்டுபோனது. 2025 ஏப்ரலில் சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம் கோயில் திருவிழாவுக்காக பைக்கில் மூட்டையாகக் கொண்டுவந்த வெடி வெடித்து 4 பேர் இறந்தார்கள். கடையில் விற்ற பிறகு நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. மூட்டை கட்டி பைக்கில் வைத்துக் கொடுப்பதும் நம் கைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 131 முதல் 137 வரை அபாயச் சரக்கைப் பற்றியவை. அனுப்புகிறவர் சரக்கின் தன்மையையும் அபாயத்தையும் வண்டிக்காரருக்குச் சரியாகத் தெரிவிக்க வேண்டும். டிரைவரிடம் எழுத்து மூலமான அவசரகாலக் குறிப்பு இருக்க வேண்டும். வண்டியின் மேல் வகுப்புச் சீட்டும் தகவல் பலகையும் இருக்க வேண்டும். விபத்தானால் டிரைவர் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இவை தவிர 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் உண்டு. ரயிலில் ஒளித்துக் கொண்டுபோனால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறை.

இப்போது பில்லிலேயே பொருளுக்கு எண் போட வேண்டியிருக்கிறது. காலண்டருக்கு 4910, பட்டாசுக்கு 3604. வரி அதிகாரி கேட்பார் என்பதற்காக அந்த எண்ணை ஒழுங்காகப் போடுகிற நாம், உயிரைப் பணயம் வைத்து வருகிறவர் கேட்பார் என்பதற்காகவும் ஒழுங்காகப் போடக் கூடாதா?

நம் தரப்பு நியாயமும் உண்டு

உறுப்பினர்கள் சிலர் இதைப் படித்துவிட்டுக் கோபப்படக்கூடும். “பட்டாசு என்று சொன்னால் ஷெட்டில் ஏற்ற மாட்டேன் என்கிறான். பத்துப் பெட்டிக்குத் தனி வண்டி வைத்தால் லாபம் வாடகையில் போய்விடும். வழியில் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள். பொய் எழுதுவது ஆசையாலா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாங்களும் அதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். சிறு வியாபாரிக்கு நேர்வழி என்பது செலவு மிகுந்த வழியாக இருக்கும்வரை குறுக்குவழி இருக்கத்தான் செய்யும்.

அதற்குத்தானே சங்கம் இருக்கிறது? ஒரு ஊரில் இருபது பேர் பத்துப் பெட்டி வீதம் வாங்கினால் இருநூறு பெட்டி ஆகிறது. எல்லோருடைய சரக்கையும் சேர்த்து விதிப்படி ஒரே வண்டியில், பட்டாசு என்று எழுதி, வேறு சரக்கு கலக்காமல் கொண்டுவரலாம். வாடகையைப் பெட்டிக் கணக்கில் பங்கிட்டுக்கொள்ளலாம். பயிற்சி பெற்று உரிமத்தில் பதிவு செய்த டிரைவரைக் கேட்டு வாங்கலாம். பகலில் ஊருக்கு வெளியே இறக்கிக்கொள்ள ஓர் இடம் ஒதுக்கித் தரும்படி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஒழுங்காக வரும் வண்டியை வழியில் வீணாக நிறுத்தித் தொல்லை தரக்கூடாது என்றும் அதே மனுவில் கேட்கலாம். கேட்கிற வாய்க்கு முதலில் கை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை ஒவ்வொரு கடையும் செய்யக்கூடியவை சில உண்டு. சரக்கு வரும் நாளன்று டிரைவரின் செல்போன் எண்ணையும் பெட்டி விவரத்தையும், அதில் ராக்கெட் எத்தனை, சத்த வெடி எத்தனை என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கடையிலும் வண்டியிலும் வையுங்கள். புகை கண்டால் டிரைவர் வண்டியை வீடுகளையும் பெட்ரோல் பங்கையும் விட்டு விலகி நிறுத்த வேண்டும். டயரோடு முடிந்தால் அணைக்கட்டும். தீ மேலே ஏறிவிட்டால் வண்டியை விட்டு ஓடட்டும். 112-க்கோ 101-க்கோ பேசும்போது முதல் வார்த்தையே ‘பட்டாசு லோடு’ என்று இருக்கட்டும். கூட்டத்தை நெருங்க விடாதீர்கள். செல்போனில் படம் எடுக்க நிற்கிறவரை முதலில் விரட்டுங்கள். எரிந்து ஓய்ந்த பிறகு சிதறிக் கிடக்கும் அரைகுறை ராக்கெட்டைப் பொறுக்கச் சிறுவர்கள் வருவார்கள். தண்ணீரில் நனைந்தது காய்ந்த பின்பும் பற்றும். அதிகாரிகள் அகற்றும்வரை ஒருவரையும் விடக் கூடாது. கடையில் சரக்கு இறக்கும் நேரத்தில் அடுப்பும் பீடியும் அந்தப் பக்கமே வேண்டாம்.

சரக்கு எரிந்தால் வாங்கிக்கொள்ளலாம். லாரி எரிந்தாலும் அதற்குக் காப்பீடு இருக்கிறது, ரசீதில் உண்மை எழுதியிருந்தால். மேலே ஏறி நின்ற இரண்டு தீயணைப்பு வீரர்களுக்கு நாம் எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

வருகிற பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். ஒன்று, சங்க உறுப்பினர் எவரும் பட்டாசை வேறு பெயரில் அனுப்பவோ வாங்கவோ கூடாது. இரண்டு, ஆடி பிறக்கும் முன்பே கூட்டுவண்டிக்கு ஒரு குழு அமைக்க வேண்டும். முதல் தீர்மானத்தை முன்மொழிய எங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று யாராவது கேட்டால், அந்த 1994-ஆம் ஆண்டு ரசீதின் நகலைக் காட்டுவோம். கணக்குப்பிள்ளை அதைக் கிழிக்காமல் பழைய பேரேட்டுக்குள் வைத்திருந்தார்.